ஆறாம் பக்கத்தில் ஒட்டிய சீட்டு

நேற்றுக் காலை அடையாற்றிலிருந்து ஒருவர், மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை எழுதித் தரச் சொல்லி வந்தார். மேஜைமேல் வெற்றிலைப் பெட்டியை வைத்தார், மூக்குக் கண்ணாடியை வைத்தார், பிறகு கைப்பையிலிருந்து நம்முடைய புத்தகத்தை எடுத்து வைத்தார். 'கல்யாண வீட்டுக் கைப்புத்தகம்'. இருபத்துநாலு பக்கம், மஞ்சள் அட்டை. அது மஞ்சள் என்பது இனி நான் சொன்னால்தான் தெரியும்.

பூச்சி அரித்திருந்தது. என் முன்னுரை முழுவதும் போய்விட்டது. இல்லறத்தின் மேன்மையைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தது நினைவிருக்கிறதா? அதில் 'ஆகவே' என்ற ஒரு சொல்தான் மிச்சம். ஆனால் ஆறாம் பக்கத்தில் நீ ஒட்டிய சீட்டு ஓரம்கூடக் கலையாமல் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பழைய மாவுப் பசை வாசனை. மயில்துத்தம் கலந்த பசையைப் பூச்சி தொடாது என்று நீ சொன்னாய். ஒரு துண்டுச் சீட்டுக்கு இவ்வளவு ஆயுள் எதற்கு என்று அன்று நான் கேட்டேன். பூச்சிகளுக்கு என் நடையில் இருந்த பிரியம் உன் நடையில் இல்லை என்று இன்று தெரிகிறது.

அவர் அந்தச் சீட்டைத் தொட்டுக் காட்டி, "இதை எழுதின பந்தல்காரர் எங்கே இருக்கார்? அவரைத்தான் வைக்கணும்னு எங்காத்துல ஒரே பிடிவாதம்" என்றார்.

நீ போன ஆடியில் காலமாகிவிட்டாய் என்று சொன்னேன். கல்யாணமே இல்லாத மாதமாகப் பார்த்துப் போனாய், ஒரு பந்தலும் பாதியில் நிற்கவில்லை. கடையை இப்போது உன் தம்பி நடத்துகிறான், நல்ல பையன் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். சீட்டின் மேலிருந்த விரலை மட்டும் எடுக்கவில்லை.

அந்தச் சீட்டைப் பற்றி உன்னிடம் பேச வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

முதலில் நாம் போட்டது நோட்டீஸ். மூன்றாம் பாரம் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்ற உரிமையில் என்னிடம் வந்து, எதிர்க்கடைக்காரன் பேண்டு வாத்தியத்தோடு நோட்டீஸ் கொடுக்கிறான், நமக்கும் ஒன்று வேண்டும் என்றாய். நான் அப்போது பத்திரிகைகளுக்கு வேடிக்கைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அவை வேடிக்கை என்பது சில சமயம் வாசகர்களுக்கும் தெரிந்தது. உன் நோட்டீசைக் 'கனவான்களே! சீமான்களே!' என்று தொடங்கி, மயன் சமைத்த மண்டபமோ, வாசவன் கொலுவிருக்கும் மன்றமோ என்று ஐயுறத்தக்க பந்தல் என்று எழுதினேன். வாசவன் யார் என்று நீ கேட்டாய். இந்திரன் என்றேன். அவர் வீட்டில் நாம் பந்தல் போட்டதில்லையே என்றாய்.

ஒரு வாரம் கழித்து நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்தில் கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் வாங்கினோம். பொட்டலம் நம் நோட்டீஸ். நீ சுண்டலைத் தின்று முடித்து, தாளை விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய்.

"இன்னா நைனா, உன் தமிழு எண்ணெய நல்லா குடிக்குது."

வீடு வரும் வரை நான் நாலடி முன்னால் நடந்தேன். நீ மட்டும் பேசிக்கொண்டே வந்தாய். கடைக்கு வருகிறவர்கள் தினமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள் என்றாய். விருந்து சமைக்கும் கோட்டை அடுப்பைப் பந்தல் கீற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, முந்நூறு இலைக்கு எத்தனை அண்டா, மழை வந்தால் எந்தப் பக்கம் சரிவு, வாடகைப் பாத்திரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது. "அவுங்க கேக்கறத எழுது. நீ சொல்லணும்னு நெனைக்கறத எழுதாத. வேலைக்கு ஆவறது கீதுன்னா வூட்ல வெச்சுப்பாங்க" என்றாய். அதற்குப் பிறகு வியாபார விளம்பரத்தைப் பற்றிச் சீமையிலிருந்து வந்த தடித்த புத்தகங்கள் சிலவற்றை வாங்கிப் படித்தேன். நீ சொன்னதைத்தான் சொல்கின்றன. நிறையப் படங்களோடு.

அப்படி உண்டானதுதான் கைப்புத்தகம். கேள்விகளை நீ சொன்னாய், பதில்களையும் நீதான் சொன்னாய், நான் எழுதினேன். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் உன் கடை முற்றத்தில், மூங்கில் அடுக்கின் மேல் உட்கார்ந்து, எழுதியதை உனக்குப் படித்துக் காட்டுவேன். பிடிக்காத இடத்தில் காதைச் சொறிவாய். நான் அடித்துவிடுவேன். கடைசி நாலு பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னாய். திருவல்லிக்கேணி அச்சாபீஸ் சாயபு, வெறுந்தாளை அச்சடிக்க என்னிடம் வருவானேன் என்று வருத்தப்பட்டுக்கொண்டார். வீட்டுக்காரர்கள் எதையாவது எழுதிக்கொள்வார்கள், எழுதிவிட்டால் புத்தகம் அவர்களுடையதாகிவிடும் என்று நீ அவருக்குச் சமாதானம் சொன்னாய்.

ஆறாம் பக்கம் படித்த அன்று மூங்கில் வண்டி வந்தது. நீ இறக்கப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் நான் எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஆறாம் பக்கம் பந்தக்காலைப் பற்றியது. கல்யாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து நடும் முதல் கால். ஈசானிய மூலையில் நட வேண்டும் என்று நீ சொன்னாய், நானும் எழுதினேன். எழுதிப் பார்த்தபோது வாக்கியம் கூனிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஓர் அளவைச் சேர்த்தால் நிமிர்ந்து நிற்கும் என்று தோன்றியது. 'இரு சுவர்களிலிருந்தும் சரியாக மூன்று அடி தள்ளி' என்று சேர்த்தேன். மூன்று அடி எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. 'சரியாக' எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான்.

தியாகராய நகரில் அப்போது வீடுகள் புதிது, குழாய்கள் அதைவிடப் புதிது. கால் நடுவதற்கு முன் நீ செய்யும் காரியத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வீட்டுக் குழாயடியிலிருந்து தெருவரைக்கும் குதிகாலை அழுத்தி அழுத்தி நடப்பாய். ஏதோ சடங்கு என்று நினைத்துப் பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். கார்ப்பரேஷன்காரர்கள் தோண்டி மூடிய மண் எங்கே இளகியிருக்கிறது என்று உன் கால் தேடுகிறது என்பதை நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் அது புத்தகத்தில் இல்லை.

மகள் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிட்ட ஒரு பென்ஷன் ஆபீசர் வீட்டிலும் நடந்தாய். நடந்துவிட்டு, குழாய் இந்தப் பக்கமாகப் போகிறது போலிருக்கிறது, கொஞ்சம் தள்ளி நடலாம் என்றாய். அவர் கையில் அளவு நாடா இருந்தது. இன்னொரு கையில் நம் புத்தகம்.

"உம்ம புஸ்தகத்துல மூணு அடின்னு போட்டிருக்கு. உம்ம பேர் போட்ட புஸ்தகம்தானே?"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. உன் ஆட்கள் கடப்பாரையைப் போட்டார்கள். காலுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஐந்து சுமங்கலிகள் குழியில் பால் வார்த்தார்கள். குழி அதை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு பாலையும் நவதானியத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது. தண்ணீர் இடுப்பளவு எழும்பி, சம்பந்தி வீட்டிலிருந்து வந்திருந்த பிள்ளையின் சித்தப்பாவை நனைத்தது. ஆபீசர் வீட்டு மாமி "அபசகுனம்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. இப்போது மூன்று குழந்தைகள். ஆனால் பேச்சு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எதிர்க்கடைக்காரன் இந்தத் தடவை நோட்டீஸ் போடவில்லை, அவசியமும் இல்லை. நீ ராசியில்லாத பந்தல்காரன் என்று மாடவீதி முழுவதும் தெரிந்துவிட்டது. வேலை சரியில்லை என்று சொன்னால் அடுத்த வேலையில் சரிசெய்யலாம். ராசியில்லை என்று சொன்னால் அடுத்த வேலையே வராது. தை மாதத்துக்குச் சொல்லியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஆள் அனுப்பி வேண்டாம் என்றன. மார்கழிக் கடைசியில் உன் முற்றத்தில் மூங்கில் கூரை மட்டத்துக்கு அடுக்கியபடி நின்றது. உன் ஆட்களில் பாதிப்பேரை நீயே வேறு இடத்துக்குப் போகச் சொன்னாய். உன் மனைவி எனக்கு மோர் கொடுத்தாள். அதற்கு முன்பெல்லாம் காப்பி கொடுப்பாள்.

நான் சும்மா இருக்கவில்லை. கல்வி எதற்கு இருக்கிறது? கங்கையே தேடி வந்த பந்தக்கால் என்று ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்தேன். பகீரதன், சகரர், எல்லோரும் இருந்தார்கள். நீ கடைசி வரை கேட்டாய். காதைச் சொறியவில்லை.

"கங்கை இல்ல நைனா, கொழா. ஒடைஞ்சுது. அத எழுது."

நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அடையாற்றுக்காரர் விரல் வைத்திருந்தது இந்த வரிகளின் மேல்தான்: 'இந்தப் பக்கத்தில் மூன்று அடி என்று போட்டிருப்பது தப்பு. அதன்படி நட்டு ஒரு வீட்டில் குழாயை உடைத்துவிட்டேன். கால் நடுமுன் குழாய் போகும் வழியைப் பாருங்கள். ஈசானியத்தில் குழாய் இல்லாத இடமாகப் பார்த்து நடலாம். வேறு பந்தல்காரரை வைத்தாலும் அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.'

கடைசி வரி வேண்டாம், எதிரிக்கு நாமே உதவுவதா என்றேன். அவன் உடைத்தாலும் போவது ஊர்த் தண்ணீர்தானே என்றாய். பிறகு நான் 'உடைத்துவிட்டேன்' என்ற சொல்லில் பேனாவை வைத்து, எழுதியது நான், தப்பு என்னுடையது, என் பெயரைப் போடுகிறேன் என்றேன். சொல்லத்தான் சொன்னேன். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

"அவுங்க வூட்டு மண்ணுல கடப்பாரய போட்டது உன் பேனாவா? நான்தானே. வுடு."

விட்டுவிட்டேன். அந்தக் கணம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பத்திரிகையில் மற்றவர்களின் கோழைத்தனத்தைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறவன் நான்.

புத்தகம் போன வீடுகள் எல்லாம் உனக்கு நினைவிருந்தன. தை மாதம் முழுவதும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாசல் வாசலாகப் போனோம். நீ பசைக் கிண்ணத்தோடும், நான் சீட்டுக் கட்டோடும். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஆபீசர் திறந்தார், சீட்டை வாங்கிக்கொண்டார், மூடினார். ஆனால் புத்தகத்தை ஒருவரும் எறிந்திருக்கவில்லை. கடைசிப் பக்கங்களில் பிறந்த நட்சத்திரம், பால்காரி வராத நாள், தலைவலித் தைலத்துக்குப் பக்குவம் எல்லாம் எழுதியிருந்தார்கள். ஒரு வீட்டில் ஆறாம் பக்கத்தில் மோர்க்குழம்பு செய்முறை. சீட்டை ஒட்டினால் அது மறையுமே என்று அந்த அம்மாள் யோசித்தாள். நீ செய்முறையை விட்டு, மூன்று அடியை மட்டும் மறைத்து ஒட்டினாய். அவள் சீட்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு, கல்யாணம் ஒன்றுமில்லை, தென்னம்பிள்ளை வைக்க வேண்டும், எங்கள் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்கிறாயா என்று கேட்டாள். நீ செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்தில் நடந்தாய்.

அந்த மாதம் பந்தலுக்கு யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. தென்னம்பிள்ளைக்கும் துளசி மாடத்துக்கும் கூப்பிட்டார்கள். ராசி இல்லாவிட்டாலும் குழாய் தெரிகிறதே. மாசியில் தென்னம்பிள்ளை வீட்டு அம்மாளின் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தோட்டம் முழுவதும் நடந்து பார்த்த ஆளை விட்டு வேறு ஆளைக் கூப்பிட அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பங்குனியில் உன் மூங்கில் அடுக்கு முழங்காலளவுக்கு இறங்கியது. உன் மனைவி எனக்குக் காப்பி கொடுத்தாள்.

இதையெல்லாம் நேற்று அடையாற்றுக்காரரிடம் சொல்லவில்லை. பேனாவை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உன் சீட்டின் கீழே எழுதினேன்: 'மூன்று அடி என்று எழுதியவன் நான். பந்தல்காரர் குற்றமற்றவர்.' கையெழுத்தும் போட்டேன். எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்ட காரியம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அதெல்லாம் சரி சார். நாளன்னிக்குக் கால் நடணும். எங்க குழாய் எங்கே போறதுன்னு யார் பார்ப்பா?"

இன்று காலை அடையாறு போனேன். உன் தம்பியும் வந்திருந்தான். குழாயடியில் செருப்பைக் கழற்றினேன். உன்னைப்போலவே குதிகாலை அழுத்தித் தெருவரைக்கும் நடந்தேன். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் தெரியவில்லை. மூன்றாம் தடவை, வேப்பமரத்தைத் தாண்டியதும் மண் கொஞ்சம் உள்ளே போயிற்று. உன் தம்பி அந்த இடத்தில் கையால் மண்ணைப் பறித்துப் பார்த்தான். குழாய் இருந்தது. வீட்டுக்கார அம்மாள் கோலமாவு கொடுத்தாள். அது போகும் வழி நெடுக ஒரு கோடு போட்டோம்.

அடையாற்றுக்காரர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இதையும் உங்கள் கையால் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பெண்ணுக்கும் ஆகும் என்றார். எழுதத் தொடங்கினேன். சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி என்று கேட்டார்.

பேனாவை மூடி வைத்தேன். உன் தம்பியிடமிருந்து அளவு நாடாவை வாங்கி, மண்ணில் முழங்கால் போட்டு அளந்துவிட்டு, பிறகு எழுதினேன்.