கடைசிக் குழியில் ஆறு

நேற்று பிரான்சிலிருந்து உன் மகளின் கடிதம் வந்தது. நீ போய்விட்டாய் என்று நாலு வரி. கூடவே ஒரு பழுப்பு அட்டையும் வைத்திருந்தாள், உன் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்ததாம், பின்பக்கம் என் பெயர் இருந்ததாம். நாம் ஆடிய கோல்ஃப் ஆட்டத்தின் கணக்கு அட்டை. ஓரத்தில் எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தேன், வாடை போய்விட்டது.

கல்லூரியில் உன்னை 'நீ' என்று கூப்பிடும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. வாங்க, போங்க என்றுதான். இனி யாரும் கேட்கப்போவதில்லை, நீ என்றே எழுதுகிறேன்.

ஐம்பத்து நாலில் நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது கப்பலேறிய ஒரு பிரெஞ்சு இஞ்சினியர் தன் கோல்ஃப் மட்டைப் பையை நம் கல்லூரிக்கு விட்டுப் போனார். அந்த ஒரே பையை நம்பி ஆண்கள் அணி ஒன்று, பெண்கள் அணி ஒன்று. மாலையெல்லாம் எங்களுக்கு, சனிக்கிழமைக் காலை மட்டும் உங்களுக்கு. அது நியாயமா என்று நாங்கள் யாரும் யோசித்ததுகூட இல்லை. கருவடிக்குப்பத்தில் முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் மேடுதான் மைதானம். புல்லுக்கு எங்கே போவது? குழியைச் சுற்றி மணலைக் கொட்டி, லாரிப் பட்டறைக் கழிவெண்ணெயை ஊற்றி மிதித்து வைத்திருந்தோம். ஆடி முடித்தவர் சாக்கை இழுத்துக் கால் தடங்களை அழித்துவிட்டுப் போக வேண்டும். நாங்கள் பாதி நாள் மறந்துவிடுவோம். நீ மறந்ததே இல்லை.

மூன்றாம் வருஷம் சென்னையில் கல்லூரிகளுக்குள் போட்டி என்று அழைப்பு வந்தது. பை ஒன்றுதான், அதனால் ஒரு அணிதான் போகலாம், அணிக்கு ஒருவர் ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார் முதல்வர். எங்களுக்காக நான், உங்களுக்காக நீ. உன் அப்பா அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் சரி என்றிருந்தார். அடுத்த தை மாதம் உனக்குக் கல்யாணம். உனக்கு இன்னொரு வருஷம் கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே வந்தாய். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு. உன் அடிகளை நான் எழுத வேண்டும், என் அடிகளை நீ. ஆடுபவர் சொல்லும் எண்ணை மற்றவர் எழுதுவதுதான் முறை. அடி குறைந்தவர் ஜெயித்தவர்; அடிக்குமுன் பந்தை நகர்த்திவிட்டால் தண்டமாக ஒரு அடி கூடும்.

மூன்றாவது குழியில் நீ மட்டையைத் தரையில் வைத்ததும் நிமிர்ந்து, "பந்து நகந்துடுச்சி. எனக்கு ஒரு அடி சேத்துக்குங்க" என்றாய். நான் கவனிக்கவே இல்லை. யாரும் பார்க்கவில்லையே, விடுங்கள் என்றேன்.

"நான் பாத்தேனே" என்றாய்.

கடைசிக் குழியில் என் பந்து முந்திரிச் சருகுக்குள் கிடந்தது. காலால் சருகை ஒதுக்கினேன். பந்து அரை உருட்டு உருண்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். நீ மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாய். அடித்தேன். எல்லாம் முடிந்து சாக்கை இழுத்துப் போட்ட பிறகு பென்சிலோடு வந்து கேட்டாய்.

"எத்தினி?"

"அஞ்சு."

"அஞ்சா?"

"அஞ்சு" என்றேன், சாக்கைப் பார்த்துக்கொண்டு. எழுதினாய். ஒரே ஒரு அடியில் நான் ஜெயித்தேன். மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கை கொடுத்தாய். உன் கை எண்ணெய் மணலாக இருந்தது.

சென்னையில் என்ன கிழித்தோம் என்கிறாய்? அங்கே நிஜப் புல். பந்து எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கடைசிக்கு முந்தின இடம். நீ கல்யாணமாகிப் போனாய், பெண்கள் அணியும் அத்தோடு போயிற்று. அறுபத்திரண்டில் உன் வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொள்ள, நீயும் கப்பலேறினாய். வழியனுப்ப வந்தவர்களில் நானும் ஒருவன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். குழந்தையைக் காட்டினாய், நான் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கோழை.

உனக்குத் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நேற்று அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கடைசிக் கட்டத்தில் ஐந்து இருக்கிறது. அதற்கு அடியில், ரப்பரால் அழித்தும் முழுக்கப் போகாமல், உன் கையெழுத்தில் ஒரு ஆறு.

எழுதி வைத்துக்கொண்டுதான் என்னைக் கேட்டிருக்கிறாய். இரண்டு தடவை கேட்டிருக்கிறாய்.

இன்று காலை பென்சிலைச் சீவி ஐந்தை அடித்து, பக்கத்தில் ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண் கோணலாக விழுந்தது. அட்டை இனி என் சட்டைப் பையில் இருக்கும். இப்போது நீயும் நானும் சமம். முறைப்படி இன்னொரு குழி ஆட வேண்டும். நீ இல்லை.