துண்டுக்கடியில் பேசிய விலை

மொகதீஷு
12-5-1958

அன்புள்ள பாஷாவுக்கு,

உன் திம்மராயன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் ஆளை வாட்டுகிறது. உன் வீட்டில் முனவர் தங்கச்சியும் மகள் அதியாவும் சுகம்தானே? இங்கே வந்ததிலிருந்து கடிதம் மேல் கடிதம் போடுகிறேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாட்டுக்குத்தான் தரகு வாங்குவாய், கடுதாசிக்குமா?

இந்த நாட்டுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் சுதந்திரம். இத்தாலிக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் போனபின் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கிருந்து வரும்? அதற்கு வரித் திட்டம் எழுதிக் கொடுக்கத்தான் ஐக்கிய நாடுகள் சபை எங்கள் குழுவை அனுப்பியிருக்கிறது. சொந்த வரியில் நிற்காத நாடு நாளைக்கே யாரிடமாவது கையேந்தத்தான் வேண்டும்.

இங்கே இருக்கிற சொத்தெல்லாம் நாலு காலில் நடக்கிற சொத்து. ஆடு, மாடு, ஒட்டகம். போன வாரம் கால்நடைச் சந்தைக்குப் போனேன். யூசுப் என்ற தரகர் ஓர் ஒட்டகக்காரன் கையைப் பிடித்து, மேலே துணியைப் போட்டு மூடி, விரலாலேயே விலை பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டதடா. நம் ஊர் பேரிகைச் சந்தையில் நீ நிற்பது போலவே இருந்தது. உன்னைப் பற்றிச் சொன்னேன். உடனே வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டார். இப்போது வாரம் தவறாமல் போகிறேன்.

எனக்கு ஓர் உபகாரம் செய். உண்மை விலையைத் தரகர்கள் எப்படி மறைக்கிறீர்கள், வரி ஆள் வந்தால் வெளியில் என்ன சொல்வீர்கள், எல்லாம் விவரமாக எழுது. சென்னையில் சர்க்காருக்காக நம் எல்லைப்புற மாட்டுச் சந்தைகளைப் பற்றி நான் எழுதிய வரி அறிக்கையைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே என்னை எடுத்தார்கள். அதில் பாதி நீ சொல்லிக் கொடுத்தது.

பிரியமுள்ள
திம்மராயன்

*

பேரிகை
20-6-1958

திரு. திம்மராயன் அவர்களுக்கு,

அக்பர் பாஷா எழுதுவது. வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மரியாதை இந்த ஒரு வரியோடு போதும், இனி நீ என்றே எழுதுகிறேன்.

தை மாதம் புது வரி அதிகாரி சந்தைக்கு வந்தார். கையில் உன் அறிக்கை. மாலூர் வியாபாரி கிருஷ்ணப்பனின் தோளில் கிடந்த துண்டை உருவி, அவர் கையைப் பிடித்து, மோதிர விரலை இரண்டு தரம் அழுத்தினார். "இதுக்கு அரைன்னு, பாதி வெலைக்குத்தான் பில்லுன்னு அர்த்தம், எனக்கும் தெரியும்யா. இனிமே பில்லுல கொறைச்சுக் காட்டற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சிரித்தார். சந்தையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ என் பெயரை எழுதவில்லை, சரி. ஆனால் தரகர் வீட்டுக்கு வீடு விரல் கணக்கு மாறும் என்பதுகூட உனக்குத் தெரியாதா? பத்தும் நூறும்தான் எல்லோருக்கும் பொது. அரைக்கு வெங்கடப்பன் உள்ளங்கையைச் சுரண்டுவார். பெருமாள் கட்டை விரலை மடக்குவார். மோதிர விரலை இரண்டு தரம் அழுத்துவது என் அத்தா வழி மட்டும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டே கற்றதை, எல்லைச் சந்தைகளின் வழக்கம் என்று அச்சடித்துவிட்டாய். என் பெயரை எழுதியிருந்தால் கூட இல்லை என்று சாதித்திருப்பேன். கையை எப்படி இல்லை என்பது?

அன்றிலிருந்து என் துண்டுக்குள் யாரும் கை விடுவதில்லை. போன சந்தையில் கிருஷ்ணப்பனிடம் நானே வெட்கம் கெட்டுக் கை நீட்டினேன். "பேடப்பா, வேணாம். உன் துண்டுக்குள்ள சர்க்காரும் உக்காந்துக்கினு இருக்குது" என்று போய்விட்டார். இப்போது மாடு ஓட்டிக்கொண்டு போய் விடும் கூலி வேலை பார்க்கிறேன். அதியாவுக்குச் சூளகிரியில் பேசி வைத்த சம்பந்தமும் நின்றுபோயிற்று. "காட்டிக் குடுத்தவன் ஊட்டுப் பொண்ணு எங்களுக்கு வேணாங்க" என்று மாப்பிள்ளையின் அத்தா ஆள் அனுப்பிச் சொன்னார்.

ஒரே ஒரு காரியம் செய். சந்தைக்காரர்களுக்கு உன் கையால் எழுது. பாஷா எதையும் காட்டிக் கொடுக்கவில்லை, சிநேகிதத்தில் விளையாட்டாகக் காட்டியதை நான்தான் திருடி எழுதினேன் என்று எழுது. சந்தை நடுவில் படிக்கச் சொல்கிறேன். என் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும். வேறு எதுவும் எனக்கு எழுத வேண்டாம்.

அக்பர் பாஷா

*

மொகதீஷு
18-7-1958

பாஷாவுக்கு,

அதியாவின் சம்பந்தம் நின்றது கேட்டு வருத்தப்படுகிறேன். மற்ற எதற்கும் வருத்தப்பட மாட்டேன்.

திருடினேன் என்று எழுத வேண்டுமா? எதைத் திருடினேன்? பாதி விலையைக் காட்டி வரியை விழுங்கியது உன் வியாபாரிகள், திருடன் நானா? முனவர் தங்கச்சிக்கு மூத்த பிள்ளை ஓசூர் போகும் வழியில் மாட்டு வண்டியிலேயே பிறந்து செத்ததே, நினைவிருக்கிறதா? பக்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இல்லை. அன்று வழி நெடுக நீ சர்க்காரைத் திட்டிக்கொண்டு வந்தாய். ஆஸ்பத்திரி கட்டச் சர்க்காருக்குப் பணம் வானத்திலிருந்தா கொட்டும்? அதைச் சந்தையில் துண்டு போட்டு மூடியவர்களில் நீயும் ஒருவன்.

நீ கேட்கும்படி எழுதினால் என் அறிக்கை மொத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும். இங்கே என் வேலையும் போகும். இருந்தாலும் உன்னைக் கைவிட மனமில்லை. அதனால் உங்கள் வரி அதிகாரிக்கே நேராக எழுதிவிட்டேன். பாஷா நாணயமானவர், உங்களுக்கு ஒத்துழைக்கக் கூடியவர், அவருக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இங்கிருந்து போகிற சிபாரிசுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. இனி உன்னை யாரும் தொட மாட்டார்கள்.

யூசுப் உன்னைப் போல முறைத்துக்கொள்வதில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்.

திம்மராயன்

*

பேரிகை
10-9-1958

திம்மராயனுக்கு,

உன் சிபாரிசு நன்றாகவே வேலை செய்துவிட்டது. அதிகாரி ஜீப்பில் வந்து சந்தை நடுவில் இறங்கினார். "பாஷா யாருங்க? வாங்க பாஷா" என்று அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் கை போட்டார். "ஃபாரின்லேர்ந்து பெரியவரு உங்களுக்காக எழுதியிருக்காரு. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா எங்க வேலை சுளுவாப் போயிடும்" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குடித்தேன்.

நான் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன் என்று அதுவரை வெங்கடப்பன் ஒருவர் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன், அவரையும் காணோம். வெள்ளிக்கிழமை தொழுகையில் என் பக்கத்து ஆள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். அதியா யாரிடமும் பேசுவதில்லை, அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதுமில்லை.

செத்த பிள்ளையை இழுத்தாய். அதை என் மடியிலிருந்து வாங்கித் துணியில் சுற்றியது நீதான். அதற்காகவே இத்தனை வருஷம் என் வீட்டில் உனக்குத் தட்டு வைத்தேன். அதைப் போய் வரிக்கு வக்காலத்தாக எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அந்தக் கடிதத்தை முனவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

ஒரு செய்தி. யூசுப்புக்கு நான் எழுதிவிட்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நடந்ததை எல்லாம் சொல்லி, அரபியில் எழுதி வாங்கி, கால்நடைச் சந்தை என்று விலாசம் போட்டுத் தபாலில் சேர்த்தாகிவிட்டது. உனக்குச் சோறு போட்ட வீட்டுக்கு என்ன நடக்கும் என்பது அதில் இருக்கிறது.

இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

அக்பர் பாஷா

*

மொகதீஷு
3-2-1959

பாஷா,

பிரிக்க மாட்டாய் என்று தெரியும். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, எழுதுகிறேன்.

யூசுப் உன் கடிதத்தைத் தரகர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். அப்புறம் எனக்கு ஆள் அனுப்பினார். திட்டவில்லை. "அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. அவர் மகன்தான் வாசல் வரை வந்து என்னை அனுப்பி வைத்தான்.

அடுத்த சந்தைக்கு ஓர் ஒட்டகம் கூட வரவில்லை. வியாபாரம் எல்லாம் ஊருக்கு வெளியே, எங்கள் கண் படாத இடத்துக்குப் போய்விட்டது. கால்நடை வரி நடக்காத காரியம் என்று குழு கைவிட்டுவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டுமே! துறைமுகத்தில் வந்து இறங்கும் சர்க்கரை, தேயிலை, துணி மேல் வரியை ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன். ஒட்டக மந்தை வைத்திருப்பவன் மேல் விழ வேண்டியதை, கைப்பிடி சர்க்கரை வாங்கும் கூலிக்காரி கட்டப் போகிறாள். வரியே இல்லாமல் நாடு நடக்கும் என்று நினைத்தாயா? பணக்காரன் தப்பித்தால் அது ஏழை தலையில்தான் வந்து உட்காரும். இதைத்தான் நீ யூசுப்புக்குச் செய்த பெரிய உதவி என்று வைத்துக்கொள்.

நான் எழுதிய அறிக்கை தவறு என்று இன்னும் நான் நினைக்கவில்லை. அந்த டீ விஷயம் மட்டும் நாலு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

வரி ஏறப் போகிறது என்ற செய்தி வந்த அன்றே கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். என் துணி துவைக்கும் ஹலீமா, சர்க்கரைக்கு என்ன வந்தது என்று காலையில் என்னிடம் வந்து கேட்டாள். இந்தியாவில் பேரிகை என்று ஓர் ஊர், அந்த ஊர்க்காரன் ஒருவன் செய்த வேலை என்றேன்.

"அது உங்கள் ஊரா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

தி. திம்மராயன்
வரி ஆலோசகர்