ஒரு நாள் தூரம்தானே, அப்பா?

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று குறை நினைக்காதீர்கள், அப்பா. மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. அங்கே நீங்கள் எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கிற நேரம்.

உங்கள் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போட் உறைக்குள்ளிருந்து அந்தக் கலண்டர் தாள் விழுந்தது. கலியாணம் முடித்து இந்த ஹோர்சன்ஸுக்கு நான் வெளிக்கிட்ட அன்று, அதன் பின்பக்கத்தில் எழுதித் தந்தீர்களே: வீட்டிலிருந்து கட்டுநாயக்கா எயாப்போட் எட்டு மணித்தியாலம், டோகா ஐந்து, அங்கே காத்திருக்க மூன்று, கொப்பன்ஹேகன் ஆறரை, ரயில் மூன்று. கூட்டினால் இருபத்தைந்தரை. நீங்களோ இங்கத்தைய மணிக்கூடு பின்னால் நிற்கிற நாலரை மணித்தியாலத்தைக் கழித்து, இருபத்தொன்று என்று கோடு போட்டிருந்தீர்கள்.

வாசலில் நின்ற அம்மாவிடம், "ஏன் இப்ப அழுறீர்? ஒரு நாள் தூரம்தானே! கொழும்பிலை இருக்கிறவனே பொங்கலுக்கு வாறானில்லை" என்றீர்கள்.

அண்ணா விடவில்லை. "வரேக்கை அந்த நாலரையை ஆர் குடுக்கிறது, அப்பா?"

"அது வரேக்கை பாப்பம்."

சரி, அதையும் கூட்டி முப்பது என்றே வைத்துக்கொள்வோம். போன வருடம் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தது நாலு நாள்!

நாலு நாளும் நான் கோல் எடுத்தேன். "அப்பா படுத்திட்டார்" என்றார் அம்மா. அடுத்த நாள், "கோயிலுக்குப் போட்டார்." மூன்றாம் நாள் அண்ணா, "அப்பாவின்ரை போன் பழுது, பிள்ளை." நாலாம் நாளும் அதே கோயில். ஓம் ஓம் என்று கேட்டபடி நான் மகளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், நீங்கள் போய்விட்ட செய்திகூட முதலில் என் கணவருக்குத்தான் போனது. வேலையிடத்திலிருந்து பாதியில் வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார்.

பச்சைப்பிள்ளைக்காரிக்குச் சொல்லக்கூடாதாம். மூன்று மாதப் பிள்ளையாம். தூரமாம். அந்தப் பிள்ளையின் பாஸ்போட் ஆறாம் கிழமையே என் மேசை லாச்சிக்குள் இருந்தது! கெட்டதை முதலில் நினைக்கிறவள் நான். "நீ நித்திரையிலையும் பொதி கட்டுவாய்" என்று பகிடி பண்ணுவீர்களே. காய்ச்சல் மருந்து வரைக்கும் கட்டித்தான் வைத்திருந்தேன். என்னிடம் ஒரு சொல் கேட்டார்களா?

பிள்ளையோடு நான் வந்து இறங்கியபோது வாசலில் செத்தவீட்டுத் தோரணம் வாடிக் கிடந்தது. எலும்பு பொறுக்குகிற காடாத்து முடிந்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு அண்ணா ஈர வேட்டியோடு வந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அப்பாதான் சொல்லவேண்டாம் எண்டவர்."

அம்மா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

ஒரு வருடமாக இதுதான் நெஞ்சுக்குள் கிடந்து எரிகிறது. நீங்களே சொல்லியிருந்தால், அன்று வாசலில் சொன்னது பொய்யா? நீங்கள் சொல்லவில்லையென்றால், வாய் திறக்க முடியாதவரின் தலையில் அல்லவா பழியைப் போட்டிருக்கிறார்கள்! அண்ணாவோடு சரியாகக் கதைத்தே எத்தனை மாதம்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்கள் தாளின் கீழே, வருகிற வழிக்கு முப்பது என்று நானே எழுதி, திரும்பவும் உறைக்குள் வைத்திருக்கிறேன். அது என்னோடுதான் வரும்.

அண்ணாவின் முகத்தைப் பார்க்க முன்னம் எனக்குத் தெரியவேணும், அப்பா. நீங்களா சொன்னது? கெதியாப் பதில் போடுங்கோ.