விளக்கை அணைத்த பிறகு

குருநகர்,
ஐப்பசி, 1988

அன்புள்ள தம்பி அடைக்கலநாதனுக்கு,

மறியல் வீட்டுச் சிறைக்கம்பிகளுக்குள்ளும் கர்த்தரின் கண் உன்மேல் இருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் விருப்பம்.

உன் வழக்கைப் பேசிய அப்புக்காத்து பஞ்சலிங்கம் சொல்லி அனுப்பினார். மேன்முறையீட்டில் நீ கையெழுத்து வைக்க மறுக்கிறாயாம். "வீட்டிலை எனக்குப் பூசையும் குடுத்திட்டினமாம், இனியென்ன" என்று சிரித்தாயாம். யார் வந்து சொன்னார்களோ தெரியாது. நடந்ததை நானே எழுதுகிறேன்.

மரணத் தீர்ப்பைச் சொல்ல நீதிபதி எழுந்தபோது, வழக்கப்படி மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள். விசிறிகள் நின்றன. அந்தப் பகல் இருட்டில் உன் வெள்ளைச் சட்டை தெரிந்தது, முகம் தெரியவில்லை. இதை அம்மாவிடம் சொன்னதுதான் பிழையாகிவிட்டது. அப்பா கடலோடு போய், இனித் தேடுவதில்லை என்றான அன்று, அம்மா வீட்டு விளக்கை அணைத்துவிட்டுத்தான் அழத் தொடங்கினார். நினைவிருக்கிறதா? "விளக்கை நூத்துப்போட்டினமெண்டால் முடிஞ்சுதுதானே, பிள்ளை" என்றார். அடுத்த நாளே செத்தவர்களுக்குக் கொடுக்கிற இளைப்பாற்றிப் பூசையை உன் பெயருக்குக் கொடுத்தார். நீ உயிரோடு இருப்பதைச் சுவாமியாரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மத்தியானங்களில் பின்வளவில் யாரோ இருமுகிறார்கள். உன்னுடைய இருமல்தான், பாதியில் நின்று பிறகு தொடரும். நாய் குரைப்பதில்லை, வாலை ஆட்டுகிறது. குசினி வாசலில் ஈரமணல் கிடக்கிறது. "உவன் போகேல்லை. கதவைத் திறவாதை" என்று அம்மா மந்திரித்த தண்ணீர் தெளிக்கிறார். "உயிரோடை இருக்கிறவன் ஏனம்மா இஞ்சை வாறான்?" என்று கேட்டேன். "இருக்கிறவனெண்டால் கையெழுத்து வைப்பானே" என்கிறார்.

உன்னிடம் பிடித்த பார்சலின் நிறையைச் சட்டம் பார்ப்பதில்லை. அதற்குள் கலப்பில்லாத ஹெரோயின் எவ்வளவு என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதைத்தான் பார்க்கிறது. அது எல்லையைத் தாண்டினால் நீதிபதிக்கு மரணமோ ஆயுளோ தவிர வேறு வழியில்லை. இரண்டில் எது என்று தீர்மானிக்கத்தான் அவர் "சொல்ல ஏதும் இருக்கிறதா" என்று கேட்டார். பார்சலைத் தந்துவிட்ட கிறகோரியின் பெயரை நீ சொல்லவில்லை. அப்பாவுக்குப் பிறகு வீட்டைத் தாங்கியவன் என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்தே நின்றாய்.

தெரிந்துதான் கொண்டுபோனாய், அது எனக்கும் தெரியும். அந்தத் தூளால் அழிந்த பிள்ளைகளுக்கும் தாய்மார் உண்டு. தண்டனையே வேண்டாமென்று நான் கேட்கவில்லை. உயிரோடு அனுபவி என்கிறேன். ஆயுளாகக் குறைக்க மேல் நீதிமன்றத்தில் இடமிருக்கிறதாம். இப்போதெல்லாம் யாரையும் தூக்கில் போடுவதில்லை என்று உள்ளே சொல்வார்கள். அது சட்டமில்லை, தம்பி. ஆட்சியில் மேலே உள்ள ஒருவர் மனம் மாறினால் போதும்.

மனுக் கொடுக்கும் தவணை இந்தக் கிழமையோடு முடிகிறது. கொழும்புக்கு வரும் பக்கத்து வீட்டுச் சிசிலியாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றும் இருமல் கேட்டது. நான் எழுந்து போய்க் கதவில் கை வைத்தேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. ஆனாலும் நான் திறக்கவில்லை.

கையெழுத்து வை, ராசா. மாதாவின் காவலில், இருக்கிற இடத்திலேயே உயிரோடு இரு. இங்கே வராதே.

உன் அக்கா,
யசிந்தா