முப்பத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

என் அருமைப் பத்மா,

போன இடத்தில் படிக்க ஏதாவது கிடைக்கிறதா உனக்கு? உயிர் உடலை விட்டால் காத்திருப்பதில்லை, அந்தக் கணமே அடுத்த பிறவிக்குப் போய்விடும் என்று மேல்சித்தாமூர் சமண மடத்தில் கேட்டு வந்து நீ ஒரு முறை சொன்னாய். அப்படியென்றால் இப்போது நீ எங்கோ ஒரு வீட்டில் பால் குடிக்கும் குழந்தை. இதை யார் உனக்குப் படித்துக் காட்டப் போகிறார்கள்? தெரிந்துதான் எழுதுகிறேன். நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

முதலில் நம் ஆட்களின் செய்தி. அரிசித் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. ரேஷன் கடை வரிசை கடைத்தெரு முனை திரும்பி நிற்கிறது. துணிக்கடை ரங்கம்மா வீட்டில் மூன்று வேலையாட்கள் இருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு அவளே போகிறாள். ஏன் என்று கேட்டேன். "கடையில ஒக்காந்தா அந்தப் பொடவைய எடு, இந்தப் பொடவைய விரின்றாளுங்க. கியூவுல நின்னா ஒருத்தரும் தொந்தரவு பண்றதில்லக்கா" என்கிறாள். ஒரு காசி யாத்திரைப் புத்தகத்தை அந்த வரிசையிலேயே முடித்துவிட்டாள். போஸ்ட்மாஸ்டர் சுப்பராயலு பாண்டிச்சேரிக்குப் போய்க் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பென்ஷன் வாங்கத் தொடங்கியதிலிருந்து தத்துவம் தத்துவம் என்று நம்மைப் படுத்தினாரே, இப்போது கொலையும் துப்பறிதலும்தான் படிக்கிறார். கேட்டால், "புதுக் கண்ணும்மா, மொதல்ல அதுக்குக் கொஞ்சம் வேடிக்கை காட்டறேன்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் கூடுவது நிற்கவில்லை. முன்பு நால்வர், இப்போது மூவர். ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் படித்துவிட்டுப் பொது நோட்டில் கருத்து எழுத வேண்டும். அந்த நோட்டில் நான் "சிபாரிசு செய்வதற்கில்லை" என்று எழுதிவிட்டால் பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்று நீங்கள் எனக்குக் கொடுத்த மரியாதை அது. எனக்கு உரியதுதான் என்று நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஆவணி மாதத்தில் நீ ஒரு பச்சை அட்டை நாவல் கொண்டுவந்தாய். புத்தம் புதிது. ஓரம் வெட்டாத பிரதி. மடிப்புகளைக் கத்தியால் அறுத்துக்கொண்டே போனால்தான் உள்பக்கங்களைப் படிக்க முடியும்.

"பத்திரிகையில தொடரா வந்தப்பவே நான் படிச்சிட்டேன். புஸ்தகமா வந்ததும் உங்களுக்குன்னுதான் வாங்கினேன். நீங்க மொதல்ல படிங்கக்கா. படிச்சப்புறம் உங்கள ஒண்ணு கேக்கணும்" என்றாய்.

"இப்பவே கேளேன்."

"இல்லக்கா. படிச்சிட்டு."

பள்ளியில் பரிசாகக் கிடைத்த தந்தக் கத்தியால் இரண்டு மடிப்புக் கட்டுகளை நேராக அறுத்தேன். முப்பத்திரண்டு பக்கம். அதற்குள் கதாநாயகி ஆறு முறை அழுதாள். அச்சுப் பிழைகள் வேறு. எனக்கு அலுத்துவிட்டது. மூடி வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிடிக்கவில்லை, பாதியில் விட்டேன் என்று சொல்வதில் குற்றம் எதுவும் இல்லை. ரங்கம்மா அதைத்தான் வாரா வாரம் சொல்கிறாள். ஆனால் நான் அப்படிச் சொல்லிப் பழகியவள் இல்லையே. அந்த ஞாயிறு நோட்டில், "முழுவதும் படித்தேன். வெறும் அழுகை. சிபாரிசு செய்வதற்கில்லை" என்று எழுதினேன். நீ புத்தகத்தைத் திரும்ப வாங்கி, கட்டை விரலால் பக்கங்களை ஒரு முறை தள்ளிப் பார்த்தாய்.

"முழுசும் படிச்சீங்களாக்கா?"

"முழுசும்தான். ஏதோ கேட்கணும்னியே, என்ன?"

நீ புத்தகத்தை மூடினாய். "ஒண்ணுமில்லக்கா. மறந்துபோச்சி" என்றாய். பிறகு ரங்கம்மாவின் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

தை மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாளில் முடிந்துவிட்டது.

போன வாரம் போஸ்ட்மாஸ்டர் அந்தப் பச்சைப் புத்தகத்தோடு வந்தார். உன் புத்தகங்களை உன் மருமகள் அவரிடம் கொடுத்திருந்தாளாம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, கோவிச்சிக்கக் கூடாது. இது வேணாம்னு நீங்க எழுதினீங்க. எனக்கு அப்படித் தோணலை. முடிச்சதும் உங்களையும் பத்மாம்மாவையும்தான் நெனச்சேன்."

"எங்களை எதற்கு நினைக்கணும்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான் படிச்சீங்களே!"

அதை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போனதும் புத்தகத்தைத் திறந்தேன். முப்பத்திரண்டாம் பக்கம் வரை ஓரம் நேராக இருந்தது. அதற்கு மேல் கடைசிப் பக்கம் வரை எலி கடித்தது போலப் பிசிறு பிசிறாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

மறுநாள் ரங்கம்மாவிடம் காட்டினேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இது பத்மாக்கா வேலதான். ஒரு நாள் போனப்ப கொண்டை ஊசிய வுட்டுக் கிழிச்சிக்கினு இருந்திச்சி. இன்னாக்கா, புஸ்தகத்த இப்படிப் பாழ் பண்றன்னு கேட்டேன். அக்காவுக்குக் கண்ணு வலி, என்னைப் பிரிச்சித் தரச் சொன்னாங்கன்னுச்சி. ஏன், நீங்கதான சொன்னீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டாவது பொய்.

பத்மா, நான் வேண்டாம் என்று எழுதிய பிறகு அதை யாரும் படிக்கப் போவதில்லை என்று உனக்குத் தெரியும். உனக்கோ கதை முழுவதும் தெரியும். பின் எதற்காக உட்கார்ந்து இருநூறு பக்கத்தையும் பிரித்தாய்? என்றைக்காவது யாராவது திறந்து பார்த்தால் என் பொய் வெளியே தெரியக் கூடாது என்றா?

இரண்டு பகலில் படித்து முடித்தேன். அந்த அழுமூஞ்சிப் பெண் முப்பத்தைந்தாம் பக்கத்துக்கு மேல் அழவேயில்லை. அவளும் இன்னொருத்தியுமாகக் கணவனை இழந்த, வயதான இரண்டு பெண்கள், இரண்டு வேறு சாதிக்காரர்கள், ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள். ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு. ஒருத்தி உன்னைப் போலவே பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடுவாள், மற்றவள் விளக்கு வைத்தபின் சாப்பிடுவாள். சாப்பிடாதவள் சாப்பிடுகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை படிப்பாள். அவ்வளவுதான் கதை.

என் வீட்டில் என் கணவர் போன பிறகு அவருடைய அறை ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. "அந்த ரூம்பு சும்மாதானேக்கா இருக்குது?" என்று நீ ஒரு முறை கேட்டாய். "சும்மா இல்லை, அவருடைய ஆபீஸ் காகிதங்கள் இருக்கின்றன" என்றேன். உன் காய்ச்சலின்போது உன்னைப் பார்க்க வந்தேன். உன் மகன் மண்டிக்கு வாங்கிப் போட்ட நிலக்கடலை மூட்டைகள் நீ படுத்திருந்த அறையில் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவே உன் கட்டில். தூசியில் நீ இருமிக்கொண்டே இருந்தாய். "மல்லாட்ட வெல ஏறட்டும்னு வச்சிருக்கான். எனக்கு எதுக்குக்கா பெரிய எடம்?" என்று சிரித்தாய். நான் கொண்டுவந்த வாரப் பத்திரிகையை உன் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்தாய். நான் அதை முழுதாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் படிக்கவில்லை என்று தெரிந்தும் நீ ஏன் பிறகு கேட்கவில்லை? முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல் உனக்காகப் பொறுக்க முடியாதவள், வீட்டில் எப்படி இடம் தருவாள் என்று நினைத்தாயா? கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேனா? "ஆமாம்" என்று எழுதக் கை வருகிறது. உன்னிடம் மூன்றாவது பொய்யும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியவில்லை, பத்மா. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே மூடிவிட்டேன்.

அந்த அறைப் பூட்டை நேற்று திறந்தேன். காகிதங்களெல்லாம் செல்லரித்துப் போயிருந்தன. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலைக்கோட்டை நேர் எதிரே தெரிகிறது. உன் கட்டிலை அந்தப் பக்கமாகப் போட்டிருக்கலாம்.

நாளை ஞாயிறு. இந்தக் கடிதத்தை ரங்கம்மாவும் சுப்பராயலுவும் கேட்க உரக்கப் படிக்கப் போகிறேன். நோட்டில் நான் எழுதியதை அவர்கள் எதிரிலேயே அடித்துவிட்டு, "அப்போது படிக்கவில்லை. இப்போது படித்தேன். பத்மாவதி சொன்னதே சரி" என்று எழுதுவேன். அதன்பின் அவர்கள் என் சொல்லை மதிப்பார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் இஷ்டம். ஒரு வரியும் விடாமல் கடைசி வரை படிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உடன் பிறக்காமலே உனக்கு அக்காவாக இருந்த,
ஞானாம்பாள்
செஞ்சி