டாக்டரிடம் நீ சொன்ன தேதி

இராஜபாளையம்,
சனிக்கிழமை.

அன்பு மகள் காளீஸ்வரிக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சூரத்தில் நீ சுகமாக இல்லை என்பது எனக்கு நேற்றுச் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், காரியம் நடக்காது. அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஆடிக்கு உன்னை இங்கே அழைத்து வந்திருந்தபோது, ஆண்டாள் கோயில் தேர் பார்க்கப் போகிறேன் என்றாய். நான்தான் பைக்கில் கொண்டுபோய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உன் புருஷன் சிவபாண்டி அங்கே லாட்ஜில் வந்து காத்திருந்தது சித்திக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நீங்கள் சேர்ந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆடியில் பிரித்து வைப்பதெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, உன் மாமியார் கேட்டதற்காகக் கூட்டிவந்தேன். அண்ணன் இறந்த நாளிலிருந்து உன்னை வளர்த்தவனை இரண்டு பேரும் ஆட்டோக்காரன் மாதிரி ஆக்கிவிட்டீர்களே, அதுதான் ஆறவில்லை. சித்தியைக் கேட்டால், "பொம்பளப் புள்ள ஒங்ககிட்ட எப்படிச் சொல்லும், வெக்கமா இருக்காதா" என்கிறாள். பொய் சொல்ல வெட்கமில்லை போல.

அது கிடக்கட்டும். மாமியார் பக்கத்தில் இருக்கிறார்கள், ஆடியில் சேர்ந்தது தெரிந்துவிடும் என்று பயந்து, கடைசியாகத் தீட்டு வந்தது ஆனி பத்தாம் தேதி என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாய். ஆடி முதல் தேதி நம் வீட்டில்தானே வயிற்றுவலி என்று படுத்திருந்தாய்? திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தபோது நீ சொன்ன கணக்கில் ஒன்பது வாரம், உண்மையில் ஐந்தரை. ஒன்பது வாரக் கருவில் துடிப்பு இல்லையென்றால், கலைந்துவிட்டது என்பதைத் தவிர அந்த டாக்டர் வேறென்ன சொல்வார்? வருகிற வியாழக்கிழமை மறுபடி பார்த்துவிட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்றாராம். எங்கள் பேண்டேஜ் யூனிட்டில் நீளம் அளக்கும் மீட்டரைத் தப்பாக வைத்துவிட்டு, துணி குறைகிறது என்று நல்ல ரோலைக் கழித்துப் போட்ட கதைதான் இது. இங்கே லேடி டாக்டரிடம் கேட்டுவிட்டேன். ஐந்தரை வாரத்தில் துடிப்புத் தெரியாமலும் இருக்கலாம், சரியான தேதி தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

போன வாரம் சேர்ந்த பிறகு லேசாக உதிரம் பட்டதற்கு, ஆடிப் பாவம் என்று அழுதாயாம். பாவமுமில்லை, மண்ணுமில்லை. சேர்வதால் கரு கலையாது. ஆனால் உதிரம் பட்டிருப்பதால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளி இருங்கள், சிவபாண்டியிடமும் இதைக் காட்டு. உதிரம் அதிகமானாலோ, ஒரு பக்கம் வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ வியாழன்வரை காத்திராதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒரு நாளும் விடாதே.

டாக்டர் அறைக்குள் தனியாகப் போ. வாய் வராவிட்டால் சரியான தேதியைச் சீட்டில் எழுதி நீட்டு. சொல்லப்போகிறேன் என்று புதன் சாயங்காலத்துக்குள் எனக்குப் பதில் வராவிட்டால், உன் மாமியாரிடம் நானே பேசுவேன். மானத்தை வாங்கிவிட்டேன் என்று திட்டு, பரவாயில்லை.

என் கோபம் இப்போதைக்குத் தீராது. ஆனாலும் நீயும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும். சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது என்பவர்களை என்னிடம் அனுப்பு. வெயில்தானே, தொட்டிலுக்கு மேலே ஃபேன் நான் மாட்டித் தருகிறேன்.

உன் சித்தப்பா,
ஐயாதுரை