புறங்கையால் தட்டினால் ஓட வேண்டும் என்றாய்

உன் காரிலிருந்து போன வாரம் கழற்றிய வைப்பர் லீவர் என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அதன் முனையில் நீ ஒட்டச் சொன்ன ரப்பர் இன்னும் அப்படியே இருக்கிறது. பசை வாடை கூடப் போகவில்லை. உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் விளங்கவில்லை.

இருபது வருடம் நான் கெஞ்சியது உனக்கு மறந்திருக்காது. அறுபதுகளில் செய்த, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்தப் பச்சைக் காரில் வைப்பரை ஓட்ட டேஷ்போர்டின் நடுவில் ஒரு குமிழ். ஒரே வேகம். பக்கத்தில், கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்க ஒரு பொத்தான். அதற்கு மோட்டார் கிடையாது. கட்டை விரலால் ஏழெட்டுத் தடவை அழுத்தி நாமே தண்ணீரை ஏற்ற வேண்டும். பினாங்கு மழைக்கு அது எந்த மூலைக்கு? ஞாயிறு காலையில் கெலுகோரில் உன் வீட்டிலிருந்து கிளம்பி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நாசி கண்டார் சாப்பிடப் போவோம். வழியில் எத்தனை தடவை ஓரங்கட்டி, கூரைத் துணி வழியே தொடையில் சொட்டுகிற மழை விடட்டும் என்று காத்திருக்கிறோம். பாயான் பாரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வயரோடு மல்லுக்கட்டியவன் நான். "மூணு ஞாயித்துக்கெழம குடு, எல்லாத்தையும் மாத்திக் குடுக்கிறேன்" என்பேன். நீ கையைத் தூக்கிக் காட்டுவாய். "கட்ட வெரல் எதுக்குடா இருக்கு?"

அப்படிப்பட்டவன் சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை நீயாகவே என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாய்.

"வைப்பர மாத்திடலாம் லா."

"என்ன திடீர்னு?"

"மழ முன்ன மாதிரியா பெய்யுது?"

எனக்கு இருந்த சந்தோஷத்தில் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். "ஸ்டியரிங் பக்கத்துலயே வரணும். வெரல் வேணாம். பொறங்கையால தட்டினா ஓடணும்."

"ராஜாவுக்கு வெரல் நோவுதோ" என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய்.

மூன்று ஞாயிறு என் வீட்டு முன்புறத்தில் வேலை நடந்தது. இரண்டு வேகம் ஓடுகிற மோட்டாரைப் பொருத்தினேன். தண்ணீருக்கு ஒரு சின்னத் தொட்டியும் மின்சாரப் பம்பும் வைத்தேன். விட்டு விட்டு ஓடுவதற்குத் தனி இணைப்புக் கொடுத்தேன். அந்தக் காரில் ஓர் ஆணியை அடுத்தவன் தொட்டாலும் முகம் சுளிக்கிறவன், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாய். நான் கேட்ட திருகாணியை எடுத்துக் கொடுக்கும்போது இரண்டு தடவை கீழே போட்டாய். "கண்ணு தெரியல" என்றாய். மூன்றாம் ஞாயிறு நீ புறங்கையால் லீவரைத் தட்ட, தண்ணீர் கண்ணாடியைத் தாண்டிப் பறந்து கொடியில் காய்ந்த துணியை நனைத்தது. என் மனைவி வெளியே வந்து, "ரெண்டு பேருக்கும் வேற வேல இல்லியா?" என்று கேட்டாள்.

நாலு மாதம் கழித்துக் காலையில் குளியலறையில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, உன் மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, எடது கை மரத்துப் போறத அவரு உங்ககிட்ட சொன்னாருதானே?"

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஆறு மாசமா அப்படித்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட போங்கன்னு எவ்வளவோ சொன்னேன். 'அவன்கிட்ட சொல்லிட்டேன், நரம்பு புடிச்சிருக்கும், வயசானா வர்றதுதான்னு அவனே சொல்றான்'னுட்டு என் வாய அடச்சிட்டாரு."

நீ என்னிடம் சொன்னாயா?

அன்று முதல் இதையே கிளறிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் ஞாயிறு நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். மேலிருந்து நீ ஏதோ சொன்னாய். கை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்பது போல ஏதோ ஒன்று. டார்ச்சை எடுக்காமலே, "வயசாவுதுல்ல" என்று முனகினேன். அது நடந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உன் மனைவி கேட்பதற்கு முன்னால் அது என் நினைவில் இருந்ததா, அவள் கேட்ட பிறகு நானாக இட்டுக்கட்டிக்கொண்டேனா, தெரியவில்லை. அவள் தொந்தரவு பொறுக்காமல் என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாயா? அல்லது நிஜமாகவே என் பேச்சை நம்பி உட்கார்ந்துவிட்டாயா? ஒரு நாள் இது, மறுநாள் அது.

அவளிடம், "ஆமாம்மா, சொன்னான்" என்றேன்.

இல்லை என்றிருந்தால் நீ கடைசிவரை அவளிடம் பொய் சொன்னவன் ஆகிவிடுவாய். அதற்காகத்தான் சொன்னேன். அதுவாவது சரியா? அவள் தலையை ஆட்டினாள். "அப்ப சரிண்ணே" என்று எழுந்து போய் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அவள் என்னை மன்னித்தாளா, மன்னிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாளா, உன் வார்த்தை உண்மை என்பது மட்டும் அவளுக்குப் போதுமாக இருந்ததா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிறகு காரை வாங்க ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாம் பழையபடி இருந்தால்தான் எடுப்பேன் என்றார். உன் மனைவி என்னைக் கேட்டாள். மறுபடியும் இரண்டு ஞாயிறு. இந்தத் தடவை தனியாக. பழைய குமிழையும் பொத்தானையும் நீ துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்திருந்தாய். மாட்டி முடித்து அழுத்திப் பார்த்தேன். பத்துத் தடவைக்குள் எனக்கே கட்டை விரல் வலித்தது. கையில் ஒரு குறையும் இல்லாதவன் நான். அப்படியானால் நீ கேட்டது வெறும் அலுப்பினாலா? அப்படி நினைத்துக்கொள்ளவும் ஆசையாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவர் வந்து காரை எடுத்துப் போனார். நானும் உன் மனைவியும் வாசல் கேட் பக்கத்தில் நின்றோம். தெரு முனையில் அது திரும்பியதும், "பழையபடி ஆயிடுச்சாண்ணே?" என்று கேட்டாள். "ஆயிடுச்சும்மா" என்றேன்.

நேற்றுப் பகலில் என் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இனிமேல் கீழேயே படுத்துக்கொள்கிறாளாம்.

"ஏன்?" என்றேன்.

"இங்க காத்து நல்லா வருது."

"முட்டி வலிக்குதா? மூச்சு வாங்குதா?"

"காத்து வருதுன்னு சொன்னேன்ல."

வாசலில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.